தேதி போடாத கடுதாசி

பாலோ அமரியோ
24 ஆகஸ்ட் 1942

எர்சிலியா,

சுகமாக இருக்கிறாயா? நான் சொல்கிறேன், கோயிலில் மணியடிக்கும் ஃபுல்ஹென்சியோ எழுதுகிறார். கடிதத்துக்கு இரண்டு முட்டை கேட்கிறார். பக்கம் நீண்டால் மூன்று என்கிறார். நான் என்ன சொன்னாலும் அப்படியே எழுத வேண்டும் என்று பேச்சு, அதனால் முட்டை விஷயத்தையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறார்.

பத்திரிகையில் வந்த உன் படத்தை மோன்சோ கொண்டுவந்து கொடுத்தான். நம் வாழைக்காயை லாரியில் ஏற்றிக்கொண்டு தலைநகருக்குப் போவானே, அதே மோன்சோதான். இந்த நாட்டுச் சபையில் முதன்முதலாக உட்காரும் பெண்களில் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சரும் ஒருத்தி என்று பாதிரியார் பூசையிலேயே சொன்னார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் செருப்பில்லாத காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டேன். படத்தில் கையுறையும் தொப்பியுமாக இருக்கிறாய். தொப்பி யாருடையது? உன் தலைக்குச் சிறியது.

நல்லதை முதலில் சொல்லிவிட்டேன். மற்றதைக் கூரையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். "நேரா விஷயத்துக்கு வா, கசில்தா" என்கிறார் ஃபுல்ஹென்சியோ. கூரைதான் விஷயம்.

போன வருஷக் காற்றில் வீட்டுக் கூரை பிய்ந்தது உனக்குத் தெரியும். புகையிலை விற்றதும் வேய்ந்துவிடலாம் என்றார் உன் அத்தான். விற்ற காசு எங்கே போயிற்று என்று கேட்காதே, அது தனிக் கதை. ஆக, மழை வந்தால் மாதா படத்தின் மேலும் ஒழுகும், கட்டிலின் மேலும் ஒழுகும். ஆனால் புகையிலை உலர்த்தும் கொட்டகையில் ஒரு சொட்டு இறங்காது. மனுஷரைவிடப் புகையிலைக்கு நல்ல கூரை போடுகிற குடும்பம் நாம்.

கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வீடு தலைவர் படம் கொடுத்தார்கள். முன்சுவரில் மாட்ட வேண்டும். கீழ்த் தெரு எவுலோஹியோ வீட்டில் தலைவர் மூக்கில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று அவனைக் கல் உடைக்க அனுப்பினார்கள், இதுவும் உனக்குத் தெரியும். உன் அத்தான் நிக்காசியோ பயந்த மனுஷன். நம் வீட்டுச் சுவரில் மாட்டினால் ஒரே மாசத்தில் முகம் முழுக்கப் பூத்துவிடும் என்று கொட்டகைக்குள் நல்ல தூணாகப் பார்த்து மாட்டினார். அந்தத் தூணில்தான் கோவேறு கழுதையையும் கட்டுவோம். எந்நேரமும் கத்துகிறது என்று கிளி என்று பேர் வைத்தாயே, அதுதான்.

ஏட்டு வந்து பார்த்தார்.

"தலைவரக் கழுதையோட கட்டிப் போட்டிருக்கியா?"

"நனையக் கூடாத சாமானெல்லாம் இங்கதாங்க வைப்போம்" என்றார் உன் அத்தான். மரியாதையாகத்தான் சொன்னார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

அவரையும் கூட்டிப் போனார்கள், கிளியையும் ஓட்டிப் போனார்கள். சாந்தியாகோ கோட்டைக்கு நடந்து போய்க் கேட்டேன். அப்படி ஒரு ஆளே இல்லை என்றார்கள். ஆனால் நான் கொண்டுபோன சாப்பாட்டை வாங்கிக்கொண்டார்கள். சட்டியைத் திருப்பித் தரும்போது காலியாக இருந்தது. ஆள் இல்லாவிட்டால் சாப்பாட்டை எதற்கு வாங்குகிறார்கள்? உள்ளே இருக்கிறார் என்றுதான் அர்த்தம். ஒவ்வொரு சனிக்கிழமையும் கொண்டுபோகிறேன்.

நீ சபையில் எழுந்து நின்று, என் அத்தான் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். சபை என்பது பேசத்தானே? பிஷப் வந்தபோது அத்தனை பேர் முன்னால் திக்காமல் பேசிய பெண் நீ.

மூன்று முட்டை ஆகிவிட்டதாம். நிறுத்துகிறேன்.

உன் அக்கா
கசில்தா

*

தலைநகர்
9 செப்டம்பர் 1942

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

மாண்புமிகு தலைவர் அவர்களின் ஆசியால் நான் நலம். அவருடைய நல்லாட்சியில் தாங்களும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

பெண்களாகிய எங்களுக்குச் சபையில் இடம் அளித்த தலைவரின் பெருந்தன்மைக்கு இந்த நாடு என்றென்றும் கடன்பட்டிருக்கிறது. என் பொறுப்புகள் மிகுதி. ஆகவே நீண்ட கடிதம் எழுத இயலவில்லை.

அத்தானைப் பற்றித் தாங்கள் எழுதியிருப்பது எனக்குச் சரியாக விளங்கவில்லை. தலைவரின் நீதியில் குற்றமற்றவர் எவருக்கும் தீங்கு நேராது. பொறுமையாக இருங்கள். தலைவரின் படத்தை வீட்டின் முன்சுவரில், உரிய இடத்தில் மாட்டுங்கள்.

இனிக் கடிதங்களைச் சுருக்கமாக எழுதுங்கள். கதைகள் வேண்டாம்.

தங்கள்
எர்சிலியா

*

பாலோ அமரியோ
20 செப்டம்பர் 1942

எர்சிலியா,

ஃபுல்ஹென்சியோ உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துக் காட்டினார். வேறு யாருக்கோ வந்த கடிதமா என்று உறையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். என் பெயர்தான் இருந்ததாம்.

நான் எப்போது உனக்கு 'அவர்கள்' ஆனேன்? யாக்கே ஆற்றில் நீ சுழியில் போனபோது சடையைப் பிடித்து இழுத்தேனே, அன்றைக்கு என்னைத் 'தாங்கள்' என்றா கூப்பிட்டாய்? தண்ணீரைத் துப்பிவிட்டு முதல் வேலையாக, "சடையப் பிய்ச்சிட்டியேடி" என்று என்னை அடித்தாய். அந்த அடி எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. இந்தக் கடிதம் பிடிக்கவில்லை.

கதை வேண்டாம் என்கிறாய். கதை சொல்லாமல் ஒரு விஷயத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. மழை பெய்தது, மனுஷனைக் காணோம் என்று சொன்னால் போதுமா? நடுவில் இருப்பதை யார் சொல்வது?

சனிக்கிழமை வாழைக்காய் மசியலும் பொரித்த சலாமி இறைச்சியும் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார்கள். காவல்காரப் பையன் சட்டியைத் திருப்பித் தரும்போது, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றான். உன் அத்தானுக்கு எப்போதும் உப்பு கம்மிதான். அது அவர் சொல்லி அனுப்பியது என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். அடுத்த தடவை கூடப் போடுகிறேன்.

ஊரில் பேச்சு வேறு மாதிரி இருக்கிறது. ஆற்றங்கரையில் ரமோனா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "கையுறை போட்ட கையால கதவத் தட்டுனா சத்தம் கேக்காதோ என்னமோ" என்றாள். நான் துணியை அலசிக்கொண்டே இருந்தேன்.

கேட்க முடியாது என்றால் அந்த நாற்காலி எதற்கு? இங்கே அனுப்பிவிடு. அடுப்படியில் உட்கார உதவும்.

கசில்தா

இந்தக் கடிதத்துக்கு முட்டை வாங்கவில்லை. ஏன் என்று கேட்டேன். ஃபுல்ஹென்சியோ பேனாவில் மையைத் தொட்டுக்கொள்கிறார்.

*

தலைநகர்
4 அக்டோபர் 1942

அக்கா,

இது மோன்சோவின் கையில் வருகிறது. ஃபுல்ஹென்சியோ மாமா, இதைப் படித்துக் காட்டப்போகிறவர் நீங்கள்தான். படித்ததும் எரித்துவிடுங்கள். என் உயிர் மட்டுமல்ல, உங்கள் உயிரும் இதில் இருக்கிறது.

அக்கா, தபாலில் வந்த உன் முதல் கடிதம் வேறு பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஏட்டும் அத்தானும் பேசிய இடத்தில் யாரோ நீலப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். அதனால்தான் அப்படி எழுதினேன். அது உனக்கு எழுதிய கடிதம் இல்லை. நீலப் பென்சில் வைத்திருக்கிறவருக்கு எழுதியது.

நாற்காலி எதற்கு என்று கேட்டாய். சொல்கிறேன்.

பதவிப் பிரமாணத்துக்கு முன்னால் எங்களை ஒரு அறைக்குக் கூப்பிட்டார்கள். குமாஸ்தா ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தாளை வைத்தார். உடல்நலக் குறைவால் என் பதவியை ராஜினாமா செய்கிறேன் என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே கையெழுத்துப் போட வேண்டும். தேதிக்கு மட்டும் இடம் காலி. உள்ளே நுழைவதற்கு முன்பே வெளியே போகிற கடிதத்தைக் கொடுத்துவிட்டுத்தான் அக்கா எல்லாரும் நுழைகிறோம். ஆண்களுக்கும் இதே வழக்கம்தான். கிழக்கிலிருந்து வந்த வயதான உறுப்பினர் ஒருவர், போன மாதம் காலையில் வந்து உட்கார்ந்தார். அவருடைய ராஜினாமாவை அவர் காது கேட்கவே வாசித்தார்கள். மனுஷன் நல்லாத்தான் இருந்தார். சட்டைப் பையில் பிற்பகலுக்குத் தின்ன வைத்திருந்த மரவள்ளி ரொட்டி துருத்திக்கொண்டு இருந்தது. நாங்கள் கை தூக்கி ஏற்றுக்கொண்டோம்.

அங்கே யாரும் பேசுவதில்லை. கை தூக்குகிறோம். தலைவர் பெயரில் பாலம் என்றால் கை. தலைவருக்குப் புதுப் பட்டம் என்றால் கை. பத்திரிகைக்காரர்கள் என்னிடம் நாட்டைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. வீட்டில் என்ன சமைப்பேன் என்று கேட்கிறார்கள். தொப்பி கட்சி கொடுத்தது, எல்லாருக்கும் ஒரே அளவு.

அத்தானுக்காக ஒரு அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். காப்பி கொடுத்தார். "அக்கா புருஷன்தானே? ரத்த சொந்தம் இல்லையே" என்று சர்க்கரை போட்டார். காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. வாய்ப்பா, குழியா என்று தெரியவில்லை. இருபத்திநாலாம் தேதி தலைவரின் பிறந்தநாள். நாட்டுப் பெண்கள் சார்பில் சபையில் நான் நன்றியுரை வாசிக்க வேண்டும். உரையை அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கடைசிப் பக்கத்தில் பாதி காலியாக இருக்கிறது. அதை வாசித்து முடித்த கையோடு அத்தான் பெயரைச் சொல்லி, எங்கே என்று கேட்டுவிடலாம். வெளிநாட்டுத் தூதர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எல்லார் காதிலும் விழுந்த பெயரைச் சத்தமில்லாமல் அழிப்பது கஷ்டம் என்று சில சமயம் தோன்றுகிறது. நான் வாயைத் திறந்த அன்றைக்கே அவரை முடித்துவிடுவார்கள் என்றும் தோன்றுகிறது.

என்னால் தீர்மானிக்க முடியவில்லை. நீ அவர் மனைவி. நீ சொல். மோன்சோவிடம் பதில் கொடுத்தனுப்பு. பதில் வராவிட்டால் நீ சம்மதித்ததாக எடுத்துக்கொண்டு பேசிவிடுவேன்.

கையுறையைப் பற்றி ரமோனா சொன்னது சரிதான். சத்தம் கேட்பதில்லை.

எர்சிலியா

*

பாலோ அமரியோ
18 அக்டோபர் 1942

தங்கச்சி,

பேசாதே.

இதை முதல் வரியாகப் போடச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் நான் சொன்ன முதல் கடிதம் இதுதான் என்கிறார் ஃபுல்ஹென்சியோ. கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே எழுதுகிறார், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். உன் கடிதத்தைக் கோயில் பின்னறையில் படித்துக் காட்டிவிட்டு, தூபக்கலசத்தில் போட்டு மேலே சாம்பிராணியைத் தூவினார். "மேல இருக்கறவரும் படிச்சுக்கட்டும்" என்றார்.

அந்த மாதிரிக் கடிதம் எழுதினாயே என்று உன்னைத் திட்டினேன். நீலப் பென்சில் எனக்குத் தெரியாது. கதை சொல்லிச் சொல்லியே உன்னையும் மாட்டிவிடப் பார்த்திருக்கிறேன்.

மேல்காட்டு திபுர்சியோ திரும்பி வந்துவிட்டான். எல்லைப் பக்கம் சாலை போடும் வேலைக்கு இழுத்துப் போயிருந்தார்கள். காய்ச்சலில் எலும்பாகிவிட்டான், இனி உதவமாட்டான் என்று விரட்டிவிட்டார்கள். நேற்றுச் சாயங்காலம் வேலியோரம் வந்து நின்றான். உள்ளே வா என்றேன். வரவில்லை. சட்டையைத் தூக்கி இடுப்பு வாரை அவிழ்த்து என் கையில் கொடுத்தான்.

உன் அத்தானின் வார். பிய்ந்த இடத்தில் நான் சிவப்பு நூலால் தைத்தேனே, அந்தத் தையல் அப்படியே இருக்கிறது. சிவப்பு நூலா என்று அப்போது முணுமுணுத்தார். வீட்டில் இருந்தது அதுதான்.

"அவரே குடுக்கச் சொன்னாரு, அக்கா. என் கால்சட்ட நிக்கலன்னு கழட்டிக் குடுத்தாரு. இனி எனக்கு எதுக்குடான்னாரு."

செத்தது எப்போது என்று கேட்டேன். லொரென்சோ திருநாளுக்கு முன்னால், ஆகஸ்ட் பத்துக்குள்ளேயே என்றான்.

எர்சிலியா, நான் உனக்கு முதல் கடிதம் சொல்லி எழுதும்போதே அவர் மண்ணுக்குள் போய்விட்டார். அவர் சாந்தியாகோ கோட்டையில் இருக்கவே இல்லை. வாழைக்காய் மசியலையும் சலாமியையும் அந்தக் காவல்காரப் பயல்கள்தான் தின்றிருக்கிறார்கள். உப்பு கம்மி என்றது உன் அத்தான் இல்லை, தின்ற அந்தப் பயல்தான்.

இனி அந்தப் பெயரைச் சொல்லி நீ காப்பாற்ற ஆள் இல்லை. நீ மிச்சம் இருக்கிறாய். பாலம் என்றால் கை தூக்கு. பட்டம் என்றால் கை தூக்கு. இரண்டு கையையும் கேட்டால் இரண்டையும் தூக்கு. எனக்கு இருப்பது நீ ஒருத்திதான்.

சனிக்கிழமை சட்டியைக் கொண்டுபோகத்தான் போகிறேன். நிறுத்தினால் எனக்கு யாரோ சொல்லிவிட்டார்கள் என்று தெரிந்துபோகும். திபுர்சியோவைத் தேடி வருவார்கள். அதனால் செத்தவருக்கு உப்புப் பார்த்துச் சமைக்கிறேன்.

மோன்சோ நாளை விடியலில் கிளம்புகிறான். இந்த மழையிலும் போய்விடுவேன் என்கிறான். இருபத்திநாலுக்கு முன்னால் உன் கையில் கிடைத்துவிடும்.

பேசாதே. பேசாதே.

கசில்தா

*

தலைநகர்
30 அக்டோபர் 1942

அக்கா,

மோன்சோ வரவில்லை. கடைசி நாள் மத்தியானம் வரை சந்தையில் லாரிகள் நிற்கும் இடத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பதில் இல்லை என்றதும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பேசிவிட்டேன்.

அவர்கள் எழுதிக் கொடுத்ததை ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன். கடைசிப் பக்கத்தின் காலி இடம் வந்தது. தலையை நிமிர்த்தி, பாலோ அமரியோவில் நிக்காசியோ என்ற புகையிலை விவசாயியைத் தலைவரின் படத்தை மழையில் நனையாமல் காப்பாற்றியதற்காகப் பிடித்துப் போனார்கள், அவர் எங்கே என்று அவர் மனைவி கேட்கிறாள் என்றேன். கூரையைப் பற்றியும் சொன்னேன். நீ சொன்னது சரிதான் அக்கா, கூரையிலிருந்து ஆரம்பிக்காவிட்டால் அது விளங்காது.

யாரும் அதட்டவில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை. நான் எதுவுமே சொல்லாத மாதிரி சபைத் தலைவர் அடுத்ததைப் படித்தார். கைதட்டக்கூட மறந்துவிட்டார்கள். ஒருத்தர் மட்டும் பழக்கத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நேற்று அடுத்த கூட்டம். வாசலில் யாரும் தடுக்கவில்லை. என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். குமாஸ்தா ஒரு தாளை எடுத்தார். உடல்நலக் குறைவால், என்று ஆரம்பித்தபோது எனக்கு உறைக்கவில்லை. யாருக்கோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் என் பெயர் வந்தது. ஏற்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். எல்லாக் கையும் மேலே போயிற்று. பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்போதுதான் பார்த்தேன், என் கையும் மேலே இருந்தது.

அதை இறக்கத் தோன்றவில்லை அக்கா. பழகிவிட்டது.

தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மா இரண்டு வாரத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டாள். நல்லவள்தான், பயப்படுகிறாள். எதிரே ஒரு கார் நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் ஐஸ் வாங்கித் தின்கிறார்கள். நான் வெளியே போனால் கூடவே மெதுவாக வருகிறது.

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. அவர் பெயரை அத்தனை பேர் கேட்டாயிற்று. இனி மறைக்க முடியாது. அத்தான் வந்ததும் முதலில் எனக்குச் சொல்லியனுப்பு. கூரை வேய நானும் வருகிறேன்.

எர்சிலியா

*

பாலோ அமரியோ

தங்கச்சி,

மோன்சோ போகும் வழியில் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. தலைவர் பெயர் வைத்து, நீங்கள் எல்லாரும் கை தூக்கிய பாலம்தான். வாழைக்காயெல்லாம் அழுகும் வரை இந்தக் கரையிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். என் கடிதம் அவன் சட்டைப் பையில் நனைந்து, காய்ந்து, அப்பளமாக இருந்தது. அதையும் இதோடு வைத்திருக்கிறேன். முதலில் இதைப் படி. உட்கார்ந்துகொண்டு அதைப் படி.

படித்துவிட்டாயா?

உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கேள் கேள் என்று நச்சரித்தவள் நான். வேண்டாம் என்று நான் சொன்னது ஆற்றங்கரையில் நின்றுவிட்டது.

நீ பேசியது வீணா என்று ஃபுல்ஹென்சியோவிடம் கேட்டேன். பேனாவைத் துடைத்துக்கொண்டே, அது எழுதுகிறவன் சொல்வதற்கில்லை என்றார். அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சனிக்கிழமை சட்டியோடு கோட்டைக்குப் போனேன். அந்தக் காவல்காரப் பையன் வாங்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், "இனிமே கொண்டாராதம்மா" என்றான். அந்தக் கோட்டை என்னிடம் சொன்ன முதல் உண்மை அதுதான். நீ கேட்ட கேள்விக்கு வந்த பதிலும் அதுதான். திபுர்சியோவை இனி யாரும் தேட வேண்டியதில்லை, அவர்களே சொல்லிவிட்டார்கள். சட்டியைத் திறந்து சந்தைப் படியில் உட்கார்ந்து நானே சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.

சாப்பிடும்போது ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முன்பின் தெரியாதவள். "நிக்காசியோ சம்சாரமா?" என்றாள். ஆமாம் என்றேன். ஒரு பெயரைச் சொன்னாள். அவள் மகனாம். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். மறுநாள் கோயிலில் இன்னொருத்தி வந்து அவள் புருஷன் பெயரைச் சொன்னாள். ஆற்றங்கரையில் ரமோனாகூட வந்து பக்கத்தில் துவைத்துக்கொண்டே அவள் தம்பி பெயரைச் சொன்னாள். அவளுக்கு ஒரு தம்பி இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. எழுதி வைக்கலாமா என்று ஃபுல்ஹென்சியோ கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்குத்தான் எழுதத் தெரியாதே, அதனால் எதுவும் மறப்பதில்லை.

ஏட்டு இப்போது கிளியின் மேல்தான் ஊர்வலம் வருகிறார். நம் வாசலுக்கு வந்ததும் அது நின்றுவிடுகிறது. உதைக்கிறார், அடிக்கிறார், நகராது. நின்று கத்துகிறது. நான் வெளியே வருவதில்லை.

தலைவர் படத்தை ஏட்டே வந்து வீட்டு முன்சுவரில் மாட்டிவிட்டுப் போனார். மழை பெய்கிறது. மூக்கில் ஆரம்பித்துவிட்டது. நான் கட்டிலைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டேன். பக்கத்தில் உனக்கும் ஒன்று போட்டிருக்கிறேன். நனையக் கூடாததெல்லாம் அங்கேதான் வைப்போம் என்று உன் அத்தான் சொல்வார்.

வெள்ளம் வடிந்துவிட்டது, மோன்சோ ஆற்றில் இறங்கி நடந்து, அந்தக் கரையில் வேறு லாரி பிடித்து இதைக் கொண்டுவருகிறான், திங்கட்கிழமை வரை அங்கே இருப்பான். லாரிகள் நிற்கும் இடத்துக்கு வா. அந்தத் தொப்பியை விட்டுவிட்டு வா. கார் பின்னாலேயே வந்தால் வரட்டும். பாலம் இல்லை, அது ஆற்றைத் தாண்டாது. நீ இறங்கி நட. இந்தக் கரையில் நான் நிற்பேன். சடையைப் பிடித்தாவது இழுத்துவிடுவேன்.

மேலே என்ன தேதி போடட்டும் என்று கேட்கிறார் ஃபுல்ஹென்சியோ. போட வேண்டாம் என்றேன். இடத்தை மட்டும் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீ இங்கே வந்து சேர்ந்த அன்றைக்கு, உன் கையாலேயே போட்டுக்கொள்.

கசில்தா